பால் சொசைட்டி ஆப்: எல்லோரும் "நல்லா இருக்குதுங்க" என்றார்கள், பதினாறாம் நாள் நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்

கறவைநேரம் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டி. காலையில் 5:30க்குத் தொடங்கி 7 மணிக்குள் 80 பேர் பால் ஊற்றுகிறார்கள். எடை மெஷினும் பால் பரிசோதிக்கிற மெஷினும் பழையவை, கம்பி இழுத்து எதனோடும் இணைக்க முடியாது. மெஷினில் தெரிகிற எண்ணைப் பார்த்து செக்ரட்டரி அண்ணன் பெரிய நோட்டில் எழுதுவார்: உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (பாலில் உள்ள கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பும் தண்ணீரும் போக மிச்சமுள்ள சத்து). அப்புறம் உறுப்பினரின் பால் அட்டையிலும் எழுதுவார். பட்டுவாடாவுக்கு முந்தின இரண்டு ராத்திரி அவர் தூங்குவதில்லை. கால்குலேட்டரும் கையுமாகத்தான் இருப்பார்.

இதைப் பார்த்துவிட்டு, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு டேப்லெட் ஆப் செய்தேன். பணம் வாங்கவில்லை. நோட்டில் எழுதுவதை ஆப்பில் போட்டால் போதும், கணக்கு தானாக வந்துவிடும். கொடுப்பதற்கு முன் ஐந்து பேரிடம் சோதித்தேன். ஐந்து பேர் போதும் என்று எங்கேயோ படித்திருந்தேன். தலைவர், செக்ரட்டரி அண்ணன், இரண்டு உறுப்பினர்கள், என் மாமா. செக்ரட்டரி வீட்டுத் திண்ணையில், மத்தியானம், காபியோடு. ஒவ்வொரு திரையாகக் காட்டி, "இது எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன். ஐந்து பேரும் "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். தலைவர் மட்டும் பச்சை நிறம் இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம் என்றார். கூட்டினேன்.

பதினைந்து நாள் ஓடியது. பதினாறாம் நாள் போய்ப் பார்த்தால் டேப்லெட் மேசை டிராயருக்குள் கிடக்கிறது, நோட்டு மேலே இருக்கிறது. கேட்டால், "நல்ல ஆப்புதான் தம்பி, காலைல அவசரம் பாருங்க, அதான்" என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எங்கே தப்பு செய்தேன்? ஐந்து பேர் போதாதா? எப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்?

ஓரமாநிற்பவள் எழுதியது:

தம்பி, அந்த ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை. தெரிந்த பையன் ஒருவன் மூன்று மாதம் உழைத்து ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டுகிறான், காபி ஆறிக்கொண்டிருக்கிறது. அங்கே யார் குறை சொல்வார்கள்? பந்தியில் இலையை மூடியவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்ட கதைதான். 14 வருடமாக ஆப்களை ஆட்களிடம் கொடுத்துப் பரிசோதிக்கிற வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. "எப்படி இருக்கிறது" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வந்து நான் பார்த்ததே இல்லை. நிறத்தைப் பற்றி வேண்டுமானால் வரும். உங்கள் தலைவர் சொன்னாரே, அது மாதிரி.

நீங்கள் செய்தது விளக்கக் காட்சி. டேப்லெட் உங்கள் கையில் இருந்தது, விரல் உங்களுடையது. சோதனை என்றால் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "சேமி பொத்தானை அழுத்துங்க" என்று சொன்னால் போச்சு. "37ஆம் நம்பர் நாலரை லிட்டர் ஊத்தியிருக்கார், ஃபேட் 4.1, எஸ்.என்.எஃப். 8.4. ஏத்துங்க" என்று சொல்லி வாயை மூட வேண்டும். அவர் தடுமாறினால் உங்கள் நாக்கு துடிக்கும். மனசுக்குள் இருபது எண்ணுங்கள். திருச்சியில் ஒரு அம்மாவிடம் பணம் அனுப்புகிற ஆப் ஒன்றைச் சோதித்தோம். வழி தெரியாதபோதெல்லாம் அவர் போனை ஒருதரம் அணைத்து மறுபடி போட்டார். ஐந்து தடவை. பக்கத்து அறையில் பார்த்துக்கொண்டிருந்த புரோகிராமர், "மேலே அம்புக்குறி இருக்குல்ல!" என்று கத்தினார். இருந்தது. 14 பேரில் 9 பேர் அதைப் பார்க்கவில்லை.

மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது ஒரு முறை. ஐ.பி.எம்.மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதை இடைமுகச் சோதனைக்கு, அதாவது ஆள் தொட்டுப் பயன்படுத்தும் திரை, பொத்தான்களைச் சோதிப்பதற்குக் கொண்டுவந்தார், இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். ஆனால் 80 பேர் கேனோடு வரிசையில் நிற்கும்போது செக்ரட்டரியை வாய்விட்டு யோசிக்கச் சொல்ல முடியாது. அங்கே வேறு வழி: அனுமதி கேட்டுவிட்டு அவர் கையையும் மேசையையும் மட்டும் போனில் படம் பிடியுங்கள், முகம் வேண்டாம். எட்டு மணிக்கு மேல், டீக்கடையில் அதை ஓட்டிக்காட்டி, "இங்க நின்னீங்களே, என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள். அப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அந்த நோட்டின் பக்கங்களை ஒரு வாரத்துக்குப் புகைப்படம் எடுங்கள். கட்டம் போட்ட இடத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். சுழி, புள்ளி, குறுக்குக்கோடு, "தீவனம் 1 மூட்டை" என்று ஏதாவது இருக்கும். நோட்டு செய்கிற எந்த வேலையை உங்கள் ஆப் செய்யவில்லை என்று அங்கேதான் தெரியும்.

எண்கணக்கன் எழுதியது:

ஐந்து பேர் விஷயத்துக்கு மட்டும் பதில். ஒருவரை வைத்துச் சோதித்தால் மொத்தக் கோளாறில் சராசரியாக 31 சதவீதம் வெளியே வரும் என்று ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். தப்பிப்பது 69. ஐந்து பேருக்கு 0.69ஐ ஐந்து முறை பெருக்குங்கள், 0.156 வரும். ஆக 84 சொச்சம் சதவீதம் பிடிபடும், அதைத்தான் ஊரெல்லாம் 85 என்கிறது. 2000இல் நீல்சன் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், அதிலிருந்து ஐந்து என்பது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த 31 ஒரு சராசரி, அவ்வளவுதான். 2003இல் லாரா ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரை வைத்துச் சோதித்துவிட்டு, அந்த அறுபதிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். ஒரு ஐவர் அணி 99 சதவீதம் பிடித்தது. இன்னொன்று 55தான். உங்களுக்கு எந்த ஐவர் வாய்ப்பார்கள் என்று யார் கண்டது? அதோடு நீல்சன் சொன்னதில் பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஒரே தடவை 15 பேரை வைப்பதைவிட, ஐந்து பேரை வைத்துச் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து, திருத்தி, மறுபடி ஐந்து. நீங்கள் இரண்டாவது ஐந்துக்குப் போகவே இல்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தேவையா என்பதே சந்தேகம். உங்கள் ஆப்பைத் தொடுகிறவர் ஒரே ஒருவர். அவரை ஐந்து காலை பாருங்கள். மாமாவை விட்டுவிடுங்கள்.

யாராவது வந்து, பயன்படுத்த எளிதா என்று மதிப்பெண் போடுகிற எஸ்.யூ.எஸ். கேள்வித்தாள் கொடுங்கள் என்பார்கள். ஜான் புரூக் 1986இல் செய்த பத்துக் கேள்வி, நல்ல சாதனம்தான். ஆனால் அதன் முதல் வரியே "இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்" என்பது. தினம் இரண்டு வேளை விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார வேண்டிய மனிதரிடம் அதைக் கேட்டு என்ன செய்வது?

கேன்மூடி எழுதியது:

நான் சாப்ட்வேர் ஆள் இல்லை. என் அப்பா 22 வருடம் சொசைட்டி செக்ரட்டரி. லீவு நாளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை எழுதியிருக்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் டேப்லெட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது?

நோட்டு மேசைமேல் விரிந்து கிடக்கும். பால் ஊற்றுகிறவர் எதிரில் நிற்பார். அப்பா எழுதுவதை அவர் தலைகீழாகவே படித்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள்கூடத் தங்கள் வரியில் உள்ள எண்ணைத் தலைகீழாகப் படிப்பார்கள். "நேத்து நாலு ரெண்டு, இன்னைக்கு மூணு எட்டா? என்ன சாமி இது" என்று அங்கேயே சண்டை வரும், அங்கேயே தீரும். நீங்கள் டேப்லெட்டைச் செக்ரட்டரி பக்கம் திருப்பி நிறுத்திவைத்திருந்தால், எதிரில் நிற்பவருக்குத் தெரிவது அதன் முதுகு. ஃபேட் ஒரு புள்ளி குறைந்தாலும் காசு குறையும் இடம் அது. முதுகைக் காட்டிக்கொண்டு கணக்கு எழுதினால் ஊர் சும்மா இருக்காது.

அப்புறம், பாலும் தண்ணீரும் படாத கை அந்த நேரத்தில் அங்கே ஒன்றுகூட இருக்காது.

புள்ளிமயங்கி எழுதியது:

திரையில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று சொல்லவே இல்லையே. நான் தமிழ் எழுத்துரு, மொழியாக்கம் பக்கத்து ஆள், அதனால் கேட்கிறேன். "சமர்ப்பி" என்று ஒரு பொத்தான் இருந்ததா? கோயிலில் தேங்காய் பழம் சமர்ப்பிக்கலாம். பாலை ஏத்துவார்கள். "ரத்து செய்" இருந்ததா? ரத்து என்றால் கிராமத்தில் ரேஷன் கார்டு ரத்து, பட்டா ரத்து. அதைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? "திரும்பிப் போ" அல்லது "வேண்டாம்" போதும்.

இடமும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழ் நிற்காது. வரி உயரம் குறைவாக இருந்தால் மேலே புள்ளி வெட்டுப்படும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும், படிக்கிறவர் ஒரு நொடி திகைப்பார். அந்த ஒரு நொடியை 80ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கறவைநேரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று காலை போய் நின்றேன். முதல் நாள் ஓரமாநிற்பவள் அக்கா சொன்னபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாவது நிமிடத்தில் கை தானாக முன்னால் வந்துவிட்டது. மறுபடி கட்டினேன்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

புள்ளிமயங்கி, நீங்கள் ஜோசியரா? "சமர்ப்பி" இருந்தது. அதைவிட மோசம், எஸ்.என்.எஃப். என்பதற்கு "கொழுப்பற்ற திடப்பொருள்" என்று போட்டிருந்தேன். பெட்டியில் இடம் போதாமல் அது "கொழுப்பற்ற தி..." என்று நின்றது. ஃபேட்டுக்கு "கொழுப்பு". முதல் வாரம் ஒருநாள் செக்ரட்டரி அண்ணன் ஒருவரிடம், "உங்களுக்குக் கொழுப்பு நாலு ரெண்டுங்க" என்று படித்திருக்கிறார். வரிசையே சிரித்திருக்கிறது. அந்த ஆள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அங்கே யாரும் கொழுப்பு என்று சொல்வதில்லை. ஃபேட்தான்.

பெயர்ப் பட்டியலை விரலால் தள்ளித் தேடும்படி வைத்திருந்தேன். எங்கள் பக்கம் பழனிசாமி என்றால் ஆறு பேர். செக்ரட்டரி அண்ணன் யாரையும் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை. ஆள் தெருமுனையில் வரும்போதே "52" என்று எழுதிவிடுகிறார்.

ஈரம். சொட்டு விழுந்த திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் அழுந்துகிறது. விரலின் மின்னூட்டத்தை உணர்கிற திரைக்குத் தண்ணீரும் ஒரு விரல் மாதிரிதான். அவர் ஒவ்வொரு தடவையும் வேட்டியில் கையைத் துடைக்கிறார், திரையைத் துடைக்கிறார், தொடுகிறார். ஆளுக்குக் கிடைப்பதே ஒரு நிமிடம் சொச்சம். என் பொத்தான்களும் சின்னவை. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்கிற குறைந்தபட்ச அளவு 48 டி.பி. (திரையில் அளக்கிற அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். நான் அழகுக்காக 32 வைத்திருந்தேன்.

புள்ளி வைக்கிற விசை. 4.2 என்பதை அவர் 42 என்றுதான் அடிக்கிறார். அவர் நோட்டிலும் 42தான் இருக்கிறது! நோட்டின் புகைப்படத்தில் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆப்பில் 42 அடித்தால் "உறுதியாகச் சேமிக்கவா?" என்று கேட்கும். எதற்கெடுத்தாலும் அதே கேள்வியைக் கேட்டுப் பழக்கியிருந்ததால் படிக்காமலே "ஆம்" அழுத்திவிடுகிறார்.

ஓரத்தில் தீவனக் கணக்கு இருந்தது. அக்கா சொன்னது சரி. அதோடு சில எண்களைச் சுற்றி ஒரு சுழி. என்னவென்று கேட்டால், மாடு புதிதாக ஈன்றிருக்கிறது, ஃபேட் ஏற இறங்க இருக்கும், பேசாதே என்று அவருக்கு அவரே வைத்துக்கொண்ட அடையாளம்.

கேன்மூடி, நீங்கள் சொன்னதைப் படித்தபோது வயிற்றில் புளி கரைத்தது. ஆமாம், முதுகுதான் தெரிந்தது. மூன்றாம் நாளே முணுமுணுப்பு வந்ததாம், "பொட்டிக்குள்ள என்னமோ பண்றாங்க" என்று. அதைத்தான் அவர் "காலைல அவசரம்" என்று என்னிடம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

புரியாதது ஒன்று மிச்சம். வீடியோவில் பார்த்தால், 1 என்று அடிக்க வேண்டிய இடத்தில் அவர் விரல் பல தடவை 7க்குப் போகிறது. 3க்கு 9. கண் நன்றாகத்தான் தெரிகிறது அவருக்கு. ஏன்?

ஓரமாநிற்பவள் எழுதியது:

கால்குலேட்டர்! பட்டுவாடாவுக்கு முந்தின இரண்டு ராத்திரி என்று நீங்களே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கால்குலேட்டரில் 7-8-9 மேல் வரிசை, போனில் 1-2-3 மேல் வரிசை. நீங்கள் டேப்லெட்டில் போன் மாதிரி வைத்திருப்பீர்கள். அவர் விரல் கீழ் வரிசைக்கு 1 தேடிப் போகும், அங்கே இருப்பது 7.

இது பழைய வழக்கு. பொத்தான் போன் வருவதற்கு முன்னால் அமெரிக்கப் போன் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் பலவிதமாக எண்களை அடுக்கி ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். டைனிங்கர் என்பவர் 1960இல் அதைக் கட்டுரையாக எழுதினார். கணக்கு மெஷின் அடுக்கும் அந்தச் சோதனையில் இருந்தது, அடுக்குகளுக்கு நடுவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. கடைசியில் 1-2-3 மேலே உள்ளதை எடுத்துக்கொண்டார்கள், 1963இல் அந்தப் போன் மக்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து உலகத்தில் இரண்டு கைப்பழக்கம். உங்கள் அண்ணன் கால்குலேட்டர் கட்சி.

அடுக்கை மாற்றுவது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் ஈரம் அப்படியே இருக்குமே.

கறவைநேரம் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

அடுக்கை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் கடையில் எண்கள் மட்டும் உள்ள சின்ன யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்று வாங்கி டேப்லெட்டில் சொருகினேன், சில நூறு ரூபாய்தான். அது கால்குலேட்டர் அடுக்கு. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. ஈரக்கை பற்றிய கவலை அதோடு போயிற்று. புள்ளியை எடுத்துவிட்டேன். 42 அடித்தால் 4.2 என்று தானாக விழும், 100 அடித்தால் 10.0. "உறுதியா" கேள்வியை எடுத்துவிட்டு, கடைசி வரியைத் திருத்துவதற்கு ஒரு விசை வைத்தேன். ஃபேட் வழக்கத்தைவிட ரொம்ப விலகினால் மட்டும் ஒரு பீப் சத்தம். சுழி போடவும் ஒரு விசை இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு, தலைவர் பச்சை நிறத்துக்குச் சிரித்ததைவிடப் பெரியது.

விசைப்பலகை வந்ததும் டேப்லெட் அவர் முன்னால் இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மேசை ஓரத்தில் பக்கவாட்டில் நிறுத்தினோம், அவருக்கும் தெரியும், எதிரில் நிற்பவருக்கும் தெரியும். எண்களை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினேன். முதல் நாளே ஒரு பாட்டி, "அஞ்சு லிட்டருங்க, ஆறு போட்டுட்டீங்க" என்றார். தனக்கு வர இருந்த லாபத்தைத் தானே திருத்திவிட்டுப் போனார். முதல் வடிவத்தில் அந்தத் தப்பு பட்டுவாடா வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தப்பும் நடந்தது. மூன்றாம் நாள் காலை விசைப்பலகை திடீரென்று வேலை செய்யவில்லை. 5:40க்கு எனக்குப் போன். பதறிக்கொண்டு வண்டியில் போனால், மூலையில் உள்ள நம்லாக் விசையில் விரல் பட்டிருக்கிறது. எண்கள் எல்லாம் அம்புக்குறி ஆகிவிட்டன. அந்த விசையின் மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நோட்டு இன்னும் இருக்கிறது, அதிலும் எழுதுகிறார். அடுத்த பட்டுவாடா வரைக்கும் இரண்டும் இருக்கட்டும் என்றார், நான் வற்புறுத்தவில்லை.

இப்போது புதுத் தலைவலி. சாயங்காலம் அவர் மகள் உட்காருகிறாள், கல்லூரியில் படிக்கிற பெண். அவள் போன் கட்சி! அப்பா அடிக்கிற 7 அவளுக்கு 1. நாளை மாலை 4:30க்கு அங்கே போகிறேன்.

கேன்மூடி எழுதியது:

போங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், ஆப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் கேன் தூக்க ஒரு கை கொடுங்கள்.